முட்டி நார் அறுவையில் ரோபோவுக்குத் தனியாகப் பணம் கட்டலாமா?

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் எப்போதும் இரண்டு திசைகள் உண்டு. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் கோயம்புத்தூர். மறுபக்கம் பஸ் ஏறினால் பாலக்காடு. சாதாரணக் காய்ச்சலுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அக்கா மகனுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தபோது எழுந்தது. கூடவே, இதுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசியிராத ஒரு சொல்லும் பேச்சில் நுழைந்தது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை தந்த மதிப்பீட்டுத் தாளில், அறுவைக் கட்டணம், மயக்க மருந்து, அறை வாடகை ஆகியவற்றுக்குக் கீழே "ரோபோ உதவி" என்று தனி வரி ஒன்று இருந்தது. அந்த ஒரு வரிக்கான தொகை, எங்கள் ஊர்ப் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஐந்து மாதம் போய்வருவதற்கான செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த வரிக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காக இரண்டு மாதம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியன். முட்டி போன பிள்ளைகளை நிறையப் பார்த்தவன் என்ற அளவில்தான் எனக்கு இதில் இடம்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் நடந்த ஒரு கபடிப் போட்டியில், ரைடு போய்ப் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, பாதம் மண்ணில் பதிந்து நிற்க உடம்பு மட்டும் சுழன்றதில் அவன் விழுந்தான். யாரும் அவனைப் பிடிக்கக்கூட இல்லை. "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு மாமா" என்றான். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி இளநீர்க் காய் போல் வீங்கிவிட்டது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் வரும் இத்தகைய வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கட்டியதால் வருவது. அப்படி வந்தால் முன் குறுக்கு நார் அறுந்திருக்கக்கூடும் என்று எந்த எலும்பு டாக்டரும் முதலில் சந்தேகிப்பார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், ஏ.சி.எல். என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் அந்த நார் முழுவதும் அறுந்திருந்தது. இரு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற சவ்வு தப்பித்திருந்தது. எங்கள் பேச்சில் இரண்டையுமே "ஜவ்வு" என்று சொல்லிவிடுகிறோம். அறுவை பற்றிப் பேச உட்காரும்போது எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இந்த நார் ஏறத்தாழ 3 செ.மீ. நீளமும் சுண்டுவிரல் அளவு தடிமனும் கொண்டது. தொடை எலும்பின் அடிமுனையில் இருக்கும் பள்ளத்தின் வெளிப்பக்கச் சுவரிலிருந்து இறங்கி, கெண்டைக்கால் எலும்பின் மேற்பரப்பில் முன்பக்கமாக வந்து ஒட்டுகிறது. கெண்டைக்கால் எலும்பு முன்னே நழுவாமலும், உடம்பு திரும்பும்போது முட்டி சுழன்று விடாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. நடுவில் அறுந்த நாரைத் தைத்து ஒட்டவைப்பதைவிட, அதே காலின் பின்தொடையிலிருந்தோ, முட்டிச் சில்லின் கீழ்ப்பகுதியிலிருந்தோ, தொடையின் முன்பக்கத்திலிருந்தோ ஒரு நாரை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அத்துளைகளுக்குள் செலுத்தி இழுத்துக் கட்டுவதே இன்றைய வழக்கமான முறை. பழுதுபார்ப்பு என்று நாம் சொல்வது உண்மையில் புதிதாக ஒரு நாரைக் குடியேற்றுவது.

ரோபோவுக்கு இங்கே வேலை இருக்கிறது என்றால் அது அந்தத் துளைகளில்தான். தொடை எலும்பில் போடும் துளை சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் போய்விட்டால், முட்டியை மடக்கும்போது புதிய நார் அளவுக்கு மேல் இறுகும். துளை செங்குத்தாக அமைந்துவிட்டால், முன்னே நழுவுவதைத் தடுத்தாலும் சுழற்சியைத் தடுக்காது. ஓடலாம், ஆனால் திடீரென்று திரும்பினால் முட்டி நழுவும். கெண்டைக்கால் எலும்பில் துளை முன்னால் போய்விட்டால், காலை முழுக்க நீட்டும்போது நார் மேலேயுள்ள எலும்புக் கூரையில் உரசி, கால் கடைசிவரை நீளாமல் நின்றுவிடும். முதல் அறுவை தோற்று, மறு அறுவைக்கு வருபவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் கைத்தவறு இந்தத் துளை இடம் மாறியதுதான். ஆகவே, துளையைத் துல்லியமாகப் போட்டுத் தரும் இயந்திரம் ஒன்று உண்டென்றால் அதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

தோன்றியது சரியா என்று பார்க்க, "ரோபோ" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிக்க வேண்டியிருந்தது. நம் ஊர்களில் விளம்பரப் பலகைகளில் படத்தோடு வரும் மாக்கோ, ரோசா, கோரி, கியூவிஸ் போன்ற இயந்திரங்கள் தேய்ந்த மூட்டை வெட்டிச் செயற்கை மூட்டு பொருத்துவதற்கு உதவுபவை. எலும்பை எந்தக் கோணத்தில், எந்த ஆழத்தில் சீவ வேண்டும் என்று கணித்து, அந்த எல்லைக்குள் கருவி நிற்கும்படி பார்த்துக்கொள்வது அவற்றின் சிறப்பு. செயற்கை மூட்டு பொருத்தும்போது இந்த முன் குறுக்கு நாரைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்பதை நினைத்தால், அதே இயந்திரத்தின் படத்தைப் போட்டு நார் அறுவைக்கு ஆள் அழைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். இரண்டாவது வகை, கணினி வழிகாட்டி. இது எதையும் வெட்டாது. எலும்பில் பொருத்திய அடையாளக் குச்சிகளைக் கேமரா பார்த்து, துளைக் கருவியின் நுனி இப்போது எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும்; துளையிடுவது டாக்டரின் கைதான். இந்த வகை 1990-களிலிருந்தே நார் அறுவையில் இருக்கிறது. மூன்றாவது வகைதான் சரியான பொருளில் நார் அறுவை ரோபோ: முன்கூட்டி எடுத்த ஸ்கேனில் திட்டமிட்ட பாதைக்கு நேராக ஓர் இயந்திரக் கை வந்து நின்று, துளையிடும் கம்பி செல்ல வேண்டிய வழியைப் பிடித்துக்கொடுக்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் காஸ்பர் என்ற ரோபோவைக் கொண்டு இத்துளைகளைப் போட்டார்கள். அந்த இயந்திரம் நிலைக்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் சீனாவில் இத்தகைய முயற்சிகள் மீண்டும் நடக்கின்றன.

கோயம்புத்தூர் மதிப்பீட்டில் இருந்தது இம்மூன்றில் எது? நான் பெயர் சொல்ல விரும்பாத அந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறையும் "லேட்டஸ்ட் டெக்னாலஜி சார், நூறு சதவீதம் துல்லியம்" என்ற பதில்தான் கிடைத்தது. மூன்றாம் முறை, துளையை யார் போடுவார், இயந்திரமா டாக்டரா என்று நேராகக் கேட்டதும், உள்ளே போய் விசாரித்து வந்து, இயந்திரம் மூட்டு மாற்று அறுவைக்காக வாங்கியது, நார் அறுவையில் அதன் வழிகாட்டிப் பகுதியை மட்டும் பயன்படுத்துவார்கள் என்றார். அதாவது நாங்கள் ரோபோவின் விலைக்கு வழிகாட்டியை வாங்கவிருந்தோம். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் இருந்ததை அவர் சொன்னார். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வழிகாட்டிக்கு ஆதாரம் என்ன என்று பார்த்தால், விடை அவ்வளவு உற்சாகமானதாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, முட்டி நார் அறுவையில் கணினி உதவியால் நோயாளிக்குக் கூடுதல் நன்மை உண்டு என்றோ இல்லை என்றோ நிறுவப் போதிய சான்று இல்லை என்றது. கணினி உதவியோடு செய்யும்போது அறுவை நேரம் கூடுகிறது என்பதும் அதில் இருந்தது. துளை திட்டமிட்ட இடத்திலேயே விழுவது ஒன்று. இரண்டு வருடம் கழித்து அந்தப் பையன் களத்தில் நம்பிக்கையோடு திரும்புவது வேறொன்று. முதலாவதை இயந்திரம் மேம்படுத்தலாம். அதனால் இரண்டாவதும் மேம்படும் என்று காட்டப்படவில்லை. இதற்கு ஒரு காரணமும் ஊகிக்கலாம். பழகிய கை போடும் துளை பெரும்பாலும் ஏற்கெனவே ஏற்கத்தக்க எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்குள் இன்னும் ஒரு மில்லிமீட்டரைச் சரிசெய்வதால் முட்டிக்குத் தெரியும்படி எதுவும் மாறுவதில்லை. தவிர, அடையாளக் குச்சிகளுக்காக எலும்பில் கூடுதல் ஓட்டைகள், திட்டமிட சி.டி. ஸ்கேன் என்றால் அதன் கதிர்வீச்சு என்று சிறு சிறு விலைகளும் உண்டு.

பாலக்காட்டில் நாங்கள் பார்த்த டாக்டரிடம் எந்த ரோபோவும் இல்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் முட்டி மாதிரி இருந்தது. அதன் தொடை எலும்புப் பள்ளத்தின் சுவரில் பேனா முனையை வைத்து, "இவிடெ ஒரு வரம்பு உண்டு" என்று மலையாளத்தில் தொடங்கியவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். எலும்பில் இயற்கையாகவே ஒரு மெல்லிய மேடு இருக்கிறதாம். பழைய நாரின் வேர் அந்த மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். கேமராக் குழாயை உள்ளே விட்டவுடன் அறுந்த நாரின் மிச்சத்தையும் மேட்டையும் கண்ணால் பார்த்தே இடத்தைக் குறிக்கிறோம் என்றார். முன்பெல்லாம் கெண்டைக்கால் துளை வழியாகவே தொடை எலும்புக்கும் கம்பியைச் செலுத்துவது வழக்கமாக இருந்தது. அப்போது துளை செங்குத்தாகப் போய்விடும் அபாயம் அதிகம். இப்போது முட்டியின் உட்பக்கத்தில் தனி ஓட்டை வழியாகப் போவதால் உரிய இடத்துக்கு எளிதில் எட்ட முடிகிறது. இந்த முன்னேற்றம் இயந்திரம் ஏதுமின்றி, எந்த வழியாகப் போவது என்ற யோசனையை மாற்றியதால் மட்டும் வந்தது.

அவர் எந்த நாரை எடுப்பார், அது எவ்வளவு தடிமன் வரும் என்று கேட்டேன். பின்தொடை நாரை நான்காக மடித்து, தையல் போட்டு, துளைகள் வரிசையாக உள்ள அளவுகோல் கட்டையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நுழைத்துப் பார்ப்பார்களாம், 8 மி.மீ.க்குக் கீழே வந்தால் மீண்டும் அறுபடும் வாய்ப்புக் கூடும் என்பதால், இன்னொரு நாரையும் சேர்த்துக்கொள்வாராம். தொற்று வராமல் இருக்க, எடுத்த நாரை வாங்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் நனைத்த துணியில் சுற்றி வைத்திருப்போம் என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை தந்தது இந்தத் துணிதான். கேட்காமலே இப்படிப்பட்ட விவரத்தைச் சொல்பவர் அதைத் தினமும் செய்பவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவர் சொன்ன ஒன்று, ரோபோ பற்றிய எங்கள் பேச்சையே திசைதிருப்பியது. இளைஞர்கள், திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுகள் ஆடுபவர்கள், முட்டி அதிகம் சுழல்பவர்கள் ஆகியோருக்கு, முட்டியின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டும் கூடுதல் அறுவை ஒன்று உண்டு. 25 வயது வரையிலான 618 பேரிடம் செய்த, 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், பின்தொடை நாரோடு இந்தப் பட்டையும் சேர்த்தவர்களில் 4 சதவீதம் பேருக்கே புதிய நார் மீண்டும் அறுந்தது; சேர்க்காதவர்களில் 11 சதவீதம். அக்கா மகனுக்கு வயது 22, ஆடுவது கபடி. இந்த வித்தியாசத்துக்கு எதிரே வைக்க, ரோபோ வரியின் பக்கம் என்னிடம் எந்த எண்ணும் இல்லை. கூடுதலாகச் செலவிடப் பணம் இருந்தால் எதற்குச் செலவிடுவது என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. வெளிப்பட்டை எல்லாருக்கும் வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் வயலில் வழுக்கி விழுந்தவருக்கு அந்தக் கணக்கு வேறு.

ரோபோவோ வழிகாட்டியோ வீண் என்று சொல்வது என் எண்ணம் அல்ல. முன்பே ஒருமுறை அறுவை செய்து, பழைய துளையும் பழைய திருகும் எலும்பில் இருக்க, அவற்றில் முட்டாமல் புதிய துளை போட வேண்டியிருக்கும் மறு அறுவை; இரண்டு மூன்று நார்கள் ஒருசேர அறுந்து, ஒரே எலும்பில் பல துளைகள் ஒன்றையொன்று சந்திக்காமல் போக வேண்டிய விபத்துக் காயங்கள்; எலும்பு வளரும் முனை இன்னும் மூடாத சிறுபிள்ளைகளின் முட்டி ஆகிய இடங்களில், கண் பார்க்க முடியாததை முன்கூட்டிய ஸ்கேன் பார்க்கும். அங்கே திட்டமிட்ட பாதையை இம்மி பிசகாமல் பின்பற்றுவதற்கு மதிப்பு இருக்கலாம். கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் சிக்கி முட்டியின் நார்கள் பலவும் அறுந்த என் பழைய மாணவன் ஒருவனுக்கு இந்தக் கேள்வி வந்திருந்தால், எல்லை தாண்டிப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். முதல்முறையாக, ஒரே நார் அறுந்து, வேறு சேதமில்லாத முட்டிக்கு அது பொருந்தாது.

அறுவையே வேண்டாம் என்ற வழியையும் ஒப்பிட்டோம். அக்கா விரும்பியது அதைத்தான். சுவீடனில் 121 இளைஞர்களிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உடனே அறுவை செய்தவர்களுக்கும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் பிறகு அறுவைக்கு வந்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்து முட்டியின் நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அறுவை தேவைப்பட்டது, மறுபாதிக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் நாள்பட்டும் முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர்களிடம் பிரிட்டனில் செய்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில் அறுவைக்குத்தான் சாதகமான முடிவு கிடைத்தது. அக்கா மகனுக்குப் படியிறங்கும்போதே முட்டி இரண்டு முறை நழுவியது. கபடியை விடவும் மனமில்லை. ஆகவே இந்த வழியை மூடினோம். ஊரில் பலரும் சொன்ன உழிச்சல், அதாவது எண்ணெய் தேய்த்து நீவுவது, வீக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் இதமாக இருக்கலாம். முழுக்க அறுந்த நாரை அது ஒட்டவைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இனி எல்லையின் இரு பக்கங்கள். ஆபரேஷன் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். படுக்கை ஒன்றிரண்டு நாள். அதன்பின் வருவது ஒன்பது மாதப் பயிற்சி. எடுத்து வைத்த நார் எலும்போடு சேர்ந்து உயிர் பெறும் இடைக்காலத்தில், முதல் சில மாதங்கள் அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி இல்லாததால் பையன்கள் ஆடத் துடிப்பதும் அப்போதுதான். நார்வேயில் நடந்த, 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்தது. எந்த இயந்திரமும் துளையில் தருவதாகச் சொல்லும் துல்லியத்தைவிட இது பெரிய விஷயம். அந்த ஒன்பது மாதமும் வாரம் இரண்டு மூன்று முறை பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்றால், பஸ்ஸில் முட்டியை மடக்க முடியாமல் எல்லை தாண்டிப் போய் வருவது முதல் மாதத்திலேயே கசந்துவிடும். அறுவை செய்தவரும் பயிற்சி தருபவரும் ஒரே பக்கத்தில் இருப்பதும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் எங்களுக்குப் பெரிதாகப்பட்டது.

பணத்திலும் எல்லை குறுக்கே நிற்கிறது. எங்கள் ரேஷன் அட்டை கேரளத்தது. ஆகவே கேரள அரசின் காருண்யா காப்பீட்டுத் திட்டம்தான் எங்களுக்கு, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு இல்லை. இரண்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருபவை. ஆனால் அட்டை எந்த மருத்துவமனையில், எந்த அறுவைக்குச் செல்லும் என்பதைத் தேதி வாங்கும் முன் அந்தந்த மருத்துவமனையின் திட்ட மேசையில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ரோபோ அறுவையையும் சேர்த்தது. ஆயினும் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகள் உண்டு. சாதாரண அறுவையாகப் போட்டால் முழுத் தொகை கிடைக்கும் பாலிசியில், ரோபோ என்று எழுதியதால் கை நஷ்டம் வரலாம்.

மொழியும் ஒரு சிறு காரணம். தமிழ்வழிப் பள்ளியில் படித்த அவனுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். பாலக்காட்டில் சம்மதப் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்ன பிறகே அவன் கையெழுத்திட்டான். கோயம்புத்தூரில் படிவம் தமிழில் இருந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லை.

பாலக்காட்டில், சாதாரணக் கேமராக் குழாய் வழி அறுவை, வெளிப்பட்டையோடு சேர்த்து என்று முடிவு செய்தோம். ரோபோ வரிக்குப் போயிருக்கும் தொகையை அக்கா தனியாக ஒரு சேமிப்பில் போட்டு, பிசியோதெரபிக்கு என்று எழுதி வைத்திருக்கிறாள். தேதி இன்னும் கிடைக்கவில்லை. வீக்கம் வடிந்து, கால் மறுகாலைப் போல முழுக்க நீண்டால்தான் தேதி தருவேன், இறுகிய முட்டியில் கை வைத்தால் அறுவைக்குப் பின்னும் இறுகியே நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் காலையில், குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைத் தரையை நோக்கி அழுத்திப் பத்து எண்ணுகிறான். நேற்று முட்டிக்கும் பாய்க்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைந்தது. போன வாரம் மூன்று நுழைந்தது.